பிரஷர் 168 காட்டுது, அப்பா 'ஒண்ணும் செய்யல'ங்கிறார்

தங்கச்சிமடத்துக்காரன்:
அப்பாவுக்கு 68 வயசு. கடலுக்குப் போறதை விட்டாச்சு, கரையில வலை பழுது பார்க்கிறார். மக்களைத் தேடி மருத்துவத்துல வர்ற அக்கா பார்த்தப்ப 168/92. மிஷின்ல இதயப் படம் வேற மினுக்குச்சு. வெயில்ல வந்து பீடி குடிச்ச கையோட பார்த்ததுதான். "தலைசுத்தல் இல்ல, நெஞ்சுவலி இல்ல, எதுக்கு மாத்திரை?"ங்கிறார். நம்பலாமா இந்த அளவை?

மண்டபம் சிஸ்டர் (ரிட்டயர்டு):
தம்பி, ஒரே அளவை வச்சு முடிவு கட்டவும் வேண்டாம், அப்படியே விட்டுடவும் வேண்டாம். பீடி, டீ முடிஞ்சு அரைமணி போகட்டும். ஒண்ணுக்குப் போயிட்டு வந்து, முதுகு சாய்ச்சு அஞ்சு நிமிஷம் பேசாம உட்காரணும். கை நெஞ்சு மட்டத்துல. சட்டைக்கு மேலயே பட்டை சுத்துறாங்க, பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். வேற வேற நாள்லயும் 140/90-க்குக் குறையலன்னா பிரஷர்தான். வீட்ல வச்சுப் பார்த்தா 135/85-தான் கணக்கு.

அந்தப் படம் பல மிஷின்ல சும்மாவே மினுக்கும். சிலதுல துடிப்பு தாளம் தப்பினாலும் குறி வரும். மிஷினை விடுங்க, மணிக்கட்டுல விரலை வச்சு முழுசா ஒரு நிமிஷம் நாடி பாருங்க. தாறுமாறா அடிச்சா இசிஜி கட்டாயம். இதயத்தோட மேலறை சுருங்காம நடுங்கினா ரத்தம் தேங்கி உறையும், அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். அதுவரைக்கும் ஆளுக்கு ஒண்ணும் தெரியாமலே இருக்கலாம்.

நெஞ்சு வலிக்குதான்னு கேட்டா நம்ம ஆளுங்க இல்லம்பாங்க. போன வருஷம் மாதிரி வலையைத் தூக்கிட்டு நடக்க முடியுதா, ராத்திரி படுத்தா மூச்சு முட்டுதுன்னு கூட ஒரு தலையணை கேட்கிறாரா, சாயங்காலம் கால் வீங்கி செருப்பு இறுக்குதா, இப்படிக் கேளுங்க. சுகர் இருந்தா வலியே இல்லாமலும் அட்டாக் வரும்.

கீழக்கரை மச்சான்:
கருவாட்டு உப்பும் பிரஷரை ஏத்துமே, அதை விட்டுட்டீங்களே சிஸ்டர்! எங்க மாமாவுக்கு மாத்திரை போட்டும் இறங்கல. பார்த்தா மூட்டுவலிக்கு மெடிக்கல்ல டைக்ளோஃபினாக் வாங்கித் தின்னுட்டு இருந்திருக்கார். டாக்டர் அதை நிறுத்தச் சொன்னப்புறம்தான் இறங்குச்சு.

தங்கச்சிமடத்துக்காரன்:
செருப்பு இறுக்குதாம் சிஸ்டர், எங்ககிட்ட சொல்லவே இல்ல. நாடியும் விட்டு விட்டு அடிக்குது. நாளைக்கு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி போறோம்.

மண்டபம் சிஸ்டர்:
நல்லது. மிஷின் இல்லாம கையால பம்ப் பண்ணியும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்க, தாளம் தப்பின நாடிக்கு மிஷின் பொய் சொல்லும். இசிஜி நார்மல்னு வந்தாலும் கால் வீக்கத்தைச் சொல்லி எக்கோ (இதயத்தோட ஸ்கேன்) வேணுமான்னு கேளுங்க. நின்னபடியும் ஒருதடவை பார்க்கணும், மேல் அளவு 20 இறங்கினா மாத்திரை போட்டப்புறம் பாத்ரூம்ல தலைசுத்தி விழுந்துடலாம். மூட்டுவலி மாத்திரை தின்னா அந்த அட்டையையும் எடுத்துட்டுப் போங்க.