அலங்காரப் பனையில் ஓலை நுனி கருகல்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கவின்:
முன்வாசல் பனையில் நுனி கருகின மட்டையையெல்லாம் மாதாமாதம் ஒருவர் வந்து கழித்துவிட்டுப் போவார். மரம் சுத்தமாகத் தெரியும். கொஞ்ச நாளில் அதற்கு மேல் வரிசை கருக ஆரம்பிக்கும், அதையும் கழிப்பார். கொண்டை சிறுத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் அவர் வெட்டிப் போட்ட மட்டையிலிருந்து ஓர் ஓலையைக் கிழித்து வெயிலுக்கு எதிரே பிடித்தேன். நுனி காய்ந்த பழுப்பு, அதற்குக் கீழே பச்சை முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள், ஒவ்வொன்றிலும் வெளிச்சம் ஊடுருவித் தெரிகிறது. சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், குறைவு. மண்ணில் கிடைக்காத பொட்டாசியத்தை மரம் பழைய ஓலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சேமிப்பைத்தான் மாதாமாதம் வெட்டி எறிந்திருக்கிறார்கள். இன்னும் மனசு ஆறவில்லை. முழுக்கக் காய்ந்து தொங்குகிற மட்டையைத் தவிர வேறு எதையும் வெட்ட விடாதீர்கள்.

நிலா:
எனக்கு அலுவலகத்து அரிகா, தொட்டியில் வளர்க்கும் அலங்காரப் பனை. ஏசி காற்று நேராக அடிக்கும் மூலை, அதனால்தான் காய்கிறது என்று எல்லாரும் இலைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், பொருபொருவென்று உதிர்ந்தது. அத்தனையும் உப்பு! தினமும் ஒரு டம்ளர் ஊற்றுவார்கள், அடி ஓட்டை வழியாக ஒரு சொட்டு வெளியே வராது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். வெளியே தூக்கிப்போய், அடியில் தாராளமாக வடியும்வரை ஊற்றி, வடியவிட்டு, மறுபடி ஊற்றினோம். அப்புறம் விரிந்த ஓலைகளில் நுனி பச்சையாகவே இருக்கிறது. குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்து ராத்திரி முழுக்க மூடாமல் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள், எல்லாம் போய்விடும்.

வேலன்:
நிலா, உப்பைக் கழுவியது சரி. கடைசி வரி சரியில்லை. திறந்து வைத்தால் போவது குளோரின் மட்டும். ஃபுளோரைடு எங்கேயும் போகாது, அரிகா மாதிரிச் செடிகளில் நுனியைக் கருக்குவதில் அதற்கும் பங்கு உண்டு. என் மாடிப்படி அரிகாவுக்கு மழைத்தண்ணீர் பிடித்து ஊற்ற ஆரம்பித்த பிறகுதான் புது ஓலை சுத்தமாக வந்தது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் யாரும் கேட்காவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டிக்குக் கீழே தட்டில் தேங்கும் தண்ணீரை அப்படியே விடாதீர்கள், கழுவி வெளியேற்றிய உப்பை மண் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். வேரும் அழுகும். அழுகின வேரால் தண்ணீர் எடுக்க முடியாது, அதனால் தண்ணீர் அதிகமானாலும் நுனி காயத்தான் செய்யும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். சூப்பர் பாஸ்பேட்டிலும் ஃபுளோரைடு உண்டு, அரிகா தொட்டியில் போடாதீர்கள். கருகின நுனி திரும்பப் பச்சையாகாது. பார்க்கச் சங்கடமாக இருந்தால் கத்தரிக்கோலால் நறுக்கலாம், ஆனால் ஒரு நூல் அளவு பழுப்பை விட்டுவிட்டு நறுக்குங்கள். பச்சையில் வெட்டினால் வெட்டின இடம் மறுபடி காயும். ஓலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படையும் மேலே பொடிப்பொடியாக வெளிர் புள்ளிகளும் இருந்தால் அது சிலந்திப்பேன். அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

தாமரை:
கவின் அண்ணாவின் பதிவைப் படித்துவிட்டு எல்லாரும் பொட்டாஷ் (பொட்டாசியம் உரம்) வாங்கிக் கொட்டிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். மாமா வீட்டுப் பனைக்கு அப்படித்தான் கொட்டினார்கள். அங்கே அடி ஓலை நன்றாகவே இருந்தது, புதிதாக வந்த குருத்துதான் தீயில் வாட்டியதுபோல் சுருண்டு, பாதி நீளத்தில் நின்றுவிட்டது. கையால் தடவினால் மொறமொறவென்று நொறுங்கும். அது மாங்கனீஸ் குறைவு. வீடு கட்டின சுண்ணாம்பும் சிமெண்ட் இடிபாடும் கலந்த மண், காரம் ஏறிக் கிடந்தது. அந்த மண்ணில் மாங்கனீஸ் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. மாங்கனீஸ் சல்பேட் போடச் சொன்னேன், இன்னொரு மூட்டை பொட்டாஷ்தான் வந்தது. அந்தப் பனைக்கு இருந்தது ஒரே தண்டு, ஒரே குருத்து. அது செத்தது, பக்கத்தில் இன்னொன்று வெடிக்கவில்லை. நன்றாக இருந்த மரம். எந்த ஓலையில் முதலில் தெரிகிறது என்று யாராவது ஒரு நிமிடம் நின்று பார்த்திருக்கலாம்.

கவின்:
தாமரை சொல்வது நியாயம். எங்கள் மரத்தில் அடி ஓலையில் தொடங்கியது, அதனால்தான் பொட்டாஷ். அதையும் தனியாகப் போடவில்லை, பொட்டாஷ் மட்டும் ஏறினால் மக்னீசியம் குறைந்துவிடும், பழைய ஓலையின் ஓரம் பட்டையாக மஞ்சளாகும். மெதுவாகக் கரையும் 8-2-12 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்), அதோடு 4 சதவீதம் மக்னீசியம் சேர்ந்தது. தண்டை ஒட்டிக் குவிக்காமல் கொண்டைக்குக் கீழே பரவலாகத் தூவுகிறோம். புள்ளி விழுந்த ஓலைகள் இன்னும் மரத்தில்தான் இருக்கின்றன. பார்க்க அழகாக இல்லை. மட்டை கழிக்க வருகிறவரிடம் இந்தப் பனையைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.