மறு: டோட்டல் லாஸ் ஆயிலிங் – "முழு இழப்பு" வேண்டாம், "மீளா உயவு" வைப்போம்

அனைவருக்கும் வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் "டோட்டல் லாஸ் ஆயிலிங்" முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் இழைக்கு வந்த கேள்விகளுக்கு இது பதில். (உயவு என்றால் உராயும் பாகங்களுக்கு எண்ணெயிடுவது.)

> "முழு இழப்பு உயவு" நேரடியாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

நேரடியாக இருப்பதுதான் இங்கே சிக்கல். இழப்பு என்று படித்ததும் எங்கேயோ கசிகிறது, வாஷர் போய்விட்டது, சரிசெய்ய வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் 1910களின் மோட்டார் சைக்கிளில் அது பழுதே இல்லை, எஞ்சினைச் செய்தவர்கள் செய்த முறையே அதுதான். தொட்டியிலிருந்து எண்ணெய் எஞ்சினுக்குள் போகும், பேரிங்கையும் பிஸ்டனையும் நனைக்கும். அப்புறம் கொஞ்சம் எரிந்து புகையாகப் போகும், மீதி மூச்சுக்குழாய் வழியாகச் சங்கிலியிலும் ரோட்டிலும் விழும். தொட்டிக்குத் திரும்பி வருவது கிடையாது, அவ்வளவுதான்.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், இந்தச் சொல் வரப்போகும் கட்டுரை மோட்டார் சைக்கிள் கேனன்பால் ஓட்டத்தைப் பற்றியது. 2010இல் வட கரோலினாவின் கிட்டி ஹாக்கில் தொடங்கி கலிபோர்னியாவின் சான்டா மோனிகா வரை, 1916க்கு முந்தைய வண்டிகளை மட்டும் வைத்து முதன்முதலில் நடத்தினார்கள். பெயர் எர்வின் "கேனன்பால்" பேக்கருடையது. 1914இல் "இந்தியன்" என்ற அமெரிக்க நிறுவனத்தின் வண்டியில் சான்டியாகோவிலிருந்து நியூயார்க்குக்கு 11 நாள் 12 மணி 10 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தவர், அன்றைக்குப் பாதி வழியில் ரோடு என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. இன்றைய ஓட்டத்தில் வேகம் கணக்கில்லை, ஓடிய மைலுக்குத்தான் புள்ளி. உதவிக் குழுவின் வண்டி கூடவே வரக்கூடாது, ஜிபிஎஸ் கூடாது, காகிதச் சுருளில் இருக்கும் வழிக்குறிப்பைப் பார்த்துத்தான் போக வேண்டும். நடுவழியில் நின்றால் பையில் இருக்கும் ஸ்பேனரும் உதிரியும்தான் துணை. பின்னால் வரும் லாரியில் ஏற்றிவிட்டால் அன்றைய மீதி மைல் போனதுதான். (இதைப் "பந்தயம்" என்று எழுதவே கூடாது என்று முன்பே சொன்னேன், "நெடுவழித் தாங்கோட்டம்" (என்ட்யூரன்ஸ் ரன்) எனக்குச் சம்மதம், அதில் எனக்கு வேறு பேச்சில்லை.)

இப்படிப்பட்ட ஓட்டத்தில் எண்ணெய் யார் பொறுப்பு? ஓட்டுபவர் பொறுப்பு. தொட்டியின் மேலே ஒரு கைப்பம்பு இருக்கும், சமதரையில் இத்தனை மைலுக்கு ஒரு அழுத்து என்று ஒவ்வொருவரும் தன் வண்டிக்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், மலை ஏறும்போது அதைக் கூட்டுவார்கள். அப்புறம் அடிக்கடி தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்ப்பார்கள், புகை எப்படி இருக்கிறது என்று. மெல்லிய நீலப்புகை வந்தால் எண்ணெய் போதுமானது இருக்கிறது. புகையே இல்லையென்றால் பிஸ்டன் காய்கிறது, இன்னும் கொஞ்ச தூரத்தில் எஞ்சின் சீஸ், அதாவது பிஸ்டன் இறுகி நின்றுவிடும். பெரும்புகை வந்தால் பிளக் கரிபிடித்து நின்றுவிடும், ரோட்டோரம் உட்கார்ந்து கழற்றித் துடைக்க வேண்டும். ஒருநாள் எண்ணெய் குறைந்தால் அன்று இரவு ஹோட்டல் வாசலில் கைவிளக்கு வெளிச்சத்தில் சிலிண்டரைத் தூக்கி, பிஸ்டனில் விழுந்த கீறலை எமரி தாளில் தேய்த்து, புது ரிங் போட்டு, விடியும்முன் பூட்டியாக வேண்டும். தூக்கம் கிடையாது.

ஆக, படிக்கிறவருக்கு இந்தச் சொல் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: போன எண்ணெய் திரும்பாது, அதனால் நீ கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். "இழப்பு" அதைச் சொல்லவில்லை. "மீளா உயவு" சொல்கிறது.

> "சொட்டு உயவு" இன்னும் எளிமையாக இல்லையா?

எளிமைதான், ஆனால் அது வேறு. சொட்டு என்பது எண்ணெய் உள்ளே போகும் விதம், மீளா என்பது வெளியே போனபின் என்ன ஆகிறது என்பது. இரண்டையும் குழப்பினால் பின்னால் மாட்டிக்கொள்வோம். 1915இல் ஹார்லியில் எஞ்சினே சுழற்றும் பம்பு வந்துவிட்டது, சொட்டு போய்விட்டது, கைப்பம்பு துணைக்கு மட்டும். ஆனாலும் எண்ணெய் திரும்பவில்லை! அந்த வண்டியைச் "சொட்டு உயவு" என்று எழுதினால் தப்பு, "மீளா உயவு" என்றால் சரி.

> மீளா என்றதும் "மீளாத் துயில்" ஞாபகம் வருகிறது. அபசகுனமாக இருக்கிறது.

அக்கா, உங்கள் காதுக்கு அப்படிப் படுவது புரிகிறது. ஆனால் பள்ளி வேதியியல் புத்தகத்தில் மீள் வினை, மீளா வினை என்று பிள்ளைகள் காலங்காலமாகப் படித்து வருகிறார்கள், அங்கே யாருக்கும் சாவு ஞாபகம் வருவதில்லை. அறிவியல் தமிழில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட சொல் இது. அதை எடுத்துக்கொள்வது புதிதாக ஒன்றைச் செதுக்குவதைவிட நல்லது.

இலங்கை நண்பர் "மசகு" என்ற சொல்லை விடக்கூடாது என்கிறார், எனக்கும் அந்தச் சொல்லின்மேல் பிரியம் உண்டு. மாட்டுவண்டி அச்சுக்குப் போடும் மசகும் இப்படித்தான், தடவினால் ஓடும், தேய்ந்து போகும், மறுபடி தடவ வேண்டும்; வண்டிக்கு அடியில் மூங்கில் குழாயில் தொங்கிக்கொண்டே வரும். ஆனால் மசகு பொருளின் பெயர், நமக்கு இங்கே வேண்டியது செயலின் பெயர். எண்ணெயைக் குறிக்கும் இடத்தில் "மசகெண்ணெய்" என்றே எழுதுவோம், முறையைக் குறிக்கும்போது "உயவு". இரண்டும் இருக்கட்டும்.

எதிர்ச்சொல் விஷயம். இந்தியன் 1933இல் எண்ணெயைத் திருப்பி எடுத்துவரும் முறைக்கு மாறியது, ஹார்லி 1936இல் நக்கிள்ஹெட் எஞ்சினோடு. 2014இல் புளோரிடாவின் டேடோனா பீச்சிலிருந்து வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா வரை நடந்த கேனன்பால் ஓட்டத்தில் 1936 வரையான வண்டிகளைச் சேர்த்தார்கள், அதனால் ஒரே பட்டியலில் இரண்டு முறையையும் எழுத வேண்டிவரும். இலக்கணப்படி பார்த்தால் "மீள் உயவு" என்றுதான் வர வேண்டும், ஆனால் மீள்பதிவு, மீள்பார்வை என்றெல்லாம் பழகிய கண்ணுக்கு அது "மறுபடியும் எண்ணெய் போடுவது" என்று தெரியும், அதாவது நேர் எதிர்ப்பொருள். அதனால் "சுற்றுயவு" போடலாம் என்கிறேன். ஜோடி ஒரே அச்சில் இல்லாவிட்டால் பரவாயில்லை, பொருள் தடுமாறாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று, இந்தச் சொல் பழைய அமெரிக்க வண்டியோடு நின்றுவிடாது. பெட்ரோலில் டூ-டி ஆயில் கலந்து ஓட்டிய டிவிஎஸ் 50ஐயும் யெஸ்டியையும் நம்மில் பலர் ஓட்டியிருக்கிறோம். அந்த ஆயிலும் பெட்ரோலோடு உள்ளே போய் எரிந்து வெளியே போவதுதான், திரும்பி வருவதில்லை. அதுவும் மீளா உயவுதான். "முழு இழப்பு" என்று யெஸ்டிக்காரரிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்.

விளக்கக்குறிப்பு இப்படி இருக்கட்டும்:

மீளா உயவு – எஞ்சினுக்குள் சென்ற மசகெண்ணெய் தொட்டிக்குத் திரும்பாமல் எரிந்தோ வெளியே வழிந்தோ தீர்ந்துபோகும் உயவு முறை, எதிர்: சுற்றுயவு.

மேக்னெட்டோ (பிளக்குக்கு மின்பொறி தரும் கருவி), கிளட்ச், கார்புரேட்டர் மூன்றையும் அப்படியே விட்டுவிடலாம், பட்டறையில் யாரும் வேறு பெயர் சொல்வதில்லை. தொட்டியின் பக்கத்தில் சொட்டு விழுவதைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்குமே, அதற்கு மட்டும் எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. "சொட்டுக்கண்ணாடி" என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன், வேறு நல்லது தோன்றினால் தனி இழையில் எழுதுங்கள். "மீளா உயவு"க்கு மறுப்பு இருந்தால் இங்கேயே சொல்லிவிடுங்கள், கட்டுரை அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடலாம்.