பால் மறந்த குட்டிகளின் கழிச்சலும் பூசணம் பிடித்த மக்காச்சோளமும்

பெரம்பலூர்ப் பகுதிப் பண்ணையாளர்:

பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் என்றால் நாம் முதலில் மருந்தைத்தான் தேடுகிறோம். எங்கள் பண்ணையில் நோயின் மூலம் தீவன அறையில் இருந்தது என்பதை நான்கு குட்டிகளை இழந்த பிறகுதான் அறிந்தோம்.

ஐப்பசி மழையில் விலை குறைவாகக் கிடைத்த மக்காச்சோளத்தை, ஈரம் பாராமல் வாங்கிச் சுவரோரம் அடுக்கிவிட்டோம். மூன்று வாரம் கழித்து அதை அரைத்து, 28ஆம் நாளில் தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்குக் கொடுத்தபோது, ஐந்தாம் நாளே கழிச்சல் கண்டது. பால் மறக்கும் பருவத்தில் இது வழக்கம்தானே என்று எண்ணி, மருத்துவர் எழுதித் தந்த மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தோம். இரண்டு நாள் நின்று, மூன்றாம் நாள் மறுபடியும் தொடங்கியது. குட்டிகள் தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகிப் போயின. அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுமுறை வந்த மருத்துவர், அடிவரிசை மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே சோளம் கட்டிகட்டியாக ஒட்டிப் பச்சை பூத்திருந்தது. பூசணம் உண்டாக்கும் நச்சு மூட்டைக்கு மூட்டை, ஒரே மூட்டைக்குள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், பல மூட்டைகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அஃப்ளடாக்சின், ஃபுமோனிசின் என்ற இரண்டு பூசண நச்சுகளும் இருந்தன. இளம் விலங்குகளின் தீவனத்தில் அஃப்ளடாக்சின் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வரம்பு; எங்கள் சோளம் அதை வெகுவாகத் தாண்டியிருந்தது.

மருந்து ஏன் நிலைக்கவில்லை என்பதையும் மருத்துவர் விளக்கினார். பால் மறந்த நாட்களில் சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற உறிஞ்சிகள் ஏற்கெனவே குட்டையாகிவிடுகின்றன. அந்த நேரத்தில் ஃபுமோனிசின் குடல் செல்களுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்துவதால், ஈ.கோலை போன்ற கிருமிகள் எளிதாகக் குடியேறுகின்றன. மருந்து கிருமியைக் கொன்றாலும், அடுத்த வேளைத் தீவனம் குடலை மீண்டும் புண்ணாக்குகிறது.

அந்தச் சோளத்தை முழுவதும் அகற்றி, உலர்ந்த புதுச் சோளத்துக்கு மாறிய பிறகே கழிச்சல் அடங்கியது. வேகவைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொன்னார்கள். கொதிக்கும் சூட்டில் பூசணம் சாகும், நச்சு அழியாது. நச்சுப்பிடிப்பான் என்று விற்கும் பென்டோனைட் களிமண் அஃப்ளடாக்சினை நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஃபுமோனிசினிடம் அதற்கு அவ்வளவு வலு இல்லை. ஆகவே அதை நம்பிக் கெட்ட சோளத்தை வாங்குவதில்லை. நச்சு உடைந்த மணியிலும் தூசியிலும்தான் அதிகம் சேர்வதால், அரைக்கும் முன் சல்லடையில் சலித்துவிடுகிறோம். ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருந்தால் களத்தில் காயப்போட்ட பிறகே, சுவரைத் தொடாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குகிறோம்.

ஒரத்தநாட்டுப் பகுதிப் பண்ணையாளர்:

அண்ணா, எங்களுக்கு நேர்ந்தது கடலைப் புண்ணாக்கினால். பூசண வாடை அடித்த புண்ணாக்கைக் குட்டிகளுக்குக் கொடுக்க மனமில்லாமல், பெரிய உடம்பு தாங்கும் என்று பாலூட்டும் தாய்ப்பன்றிக்கு வைத்தேன். தீவனத்தையே தொடாத அதன் குட்டிகள், மற்ற ஈற்றுக் குட்டிகளைவிட மெலிந்து, முடி சிலிர்த்து நின்றன. தாய் உண்ணும் அஃப்ளடாக்சினில் ஒரு பகுதி எம்1 என்ற வடிவில் பாலில் இறங்குகிறது என்பதை அதன் பிறகுதான் மருத்துவரிடம் கேட்டு அறிந்தேன். இப்போது வாடை அடிக்கும் புண்ணாக்கு எங்கள் பண்ணைக்குள்ளேயே வருவதில்லை. சினைப்பன்றிக்கும் அதை வைப்பதில்லை.