ஜவுளிச் சந்தையில் கடை போடுகிறவர்கள் உதவ முடியுமா?

வணக்கமுங்க. கோவையில் ஆர்க்கிடெக்சர் கடைசி வருஷம். ஈரோட்டு வாரச்சந்தை திங்கள் இரவு கூடி, செவ்வாயோடு கலைகிறது. மற்ற நாளிலும் அதே இடம் பயன்படும்படி ஒரு ஜவுளிச் சந்தையை வடிவமைப்பதுதான் என் தீசிஸ்.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2014-இல் திறந்த மார்க்தால் என்ற சந்தைக் கட்டடத்தில் கடைகளுக்கு மேல் வளைவாக வீடுகளையே கட்டிவிட்டார்கள். ஸ்பெயினின் பார்சிலோனாவில் இருக்கும் சாந்தா கத்தரினா சந்தையில் பழைய சுவர்களை விட்டுவைத்து, அலையலையாக வண்ண ஓட்டுக்கூரை போட்டார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. நம்மூர் வெயிலுக்குக் கூரை போதும், நாலு பக்கமும் காற்று வரட்டும்.

கடை போடும் அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்க: பேல் (துணிக்கட்டு) இறக்க வண்டி எவ்வளவு பக்கத்தில் வர வேண்டும்? ராத்திரியில் துணியின் நிறம் சரியாகத் தெரிய எந்த விளக்கு தோது? மாடியில் கடை கொடுத்தால் போவீங்களா? (மாடி வேண்டும் என்கிறார் எங்கள் சார். வியாபாரம் படியேறுமா என்று எனக்குச் சந்தேகம்.) சந்தையின் பழைய போட்டோ இருந்தாலும் அனுப்புங்க.