நகராட்சி வாசலில் நமக்கு நடந்தவை: எல்லையின் இரண்டு பக்கமும்

மூணுசக்கரம்:

தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கிற மாற்றுத்திறனாளிகளும் வீட்டாரும் நகராட்சி, பஞ்சாயத்து ஆபீஸ் என்று ஏறி இறங்கிய கதையை ஆளுக்கொன்று எழுதலாம் என்றார் ரப்பர்தோட்டம் அக்கா. சரி, நானே ஆரம்பிக்கிறேன். எனக்குச் சின்ன வயதில் போலியோ. வீடு கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில். எந்த நகராட்சி என்று மட்டும் கேட்காதீர்கள். இப்போது அங்கே இருப்பவர்களோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை.

அப்பா காலமான பிறகு வீட்டு வரியில் பெயர் மாற்றப் போனேன். வாசலில் மூன்று படி. பக்கத்திலேயே சாய்தளம் போட்டு, நீல போர்டில் சக்கர நாற்காலிப் படமும் வரைந்திருந்தார்கள். நாற்காலியை ஏற்றினால் பாதியிலேயே முன்சக்கரம் தூக்குகிறது. பின்னால் பிடித்திருந்த மச்சான், "அத்தான், கையை விட்டால் நேரே ரோட்டுக்குத்தான்" என்கிறான். ஏறுவதற்குக் கட்டியதா, சறுக்கி விளையாடக் கட்டியதா என்று தெரியவில்லை. படி மூன்றும் சேர்த்து ஒன்றரை அடி உயரம். ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதுதான் கணக்கு. அப்படியானால் 18 அடி வேண்டும். அங்கே இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. கீழே ஓடை போகிறது, அதற்கு மேல் நீட்ட இடமில்லை, அதனால் இருக்கிற இடத்துக்குள் சிமெண்ட்டைக் கொட்டி முடித்துவிட்டார்கள்.

உள்ளே இருந்த அம்மா ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, பதிவேட்டோடு வெளியே வந்து படியில் உட்கார்ந்தே கையெழுத்து வாங்கிக்கொண்டார். நல்ல மனசு. ஆனால் அன்றைக்கு அவர் லீவாக இருந்தால் என் கதி என்ன?

அப்புறம் மனு எழுதினேன். "சாய்தளம் சரியில்லை" என்று மொட்டையாக எழுதினால் "ஆவன செய்யப்படும்" என்று ஒரு கடிதம் வரும், அத்தோடு சரி. டேப் வைத்து அளந்தேன். உயரம் இவ்வளவு, நீளம் இவ்வளவு, இருக்க வேண்டியது இவ்வளவு என்று எழுதி, டேப்போடு எடுத்த போட்டோவையும் ஒட்டினேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து வருடம்தான் கொடுத்திருந்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. அதையும் ஒரு வரி சேர்த்தேன். ஜே.இ., அதாவது இளநிலைப் பொறியாளர், வந்து பார்த்தார். நேராக நீட்ட முடியாது, சுவரோரமாக வளைத்துக் கொண்டுபோய் நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பலாம் என்று அவரே படம் போட்டார். பணம் ஒதுக்கி, டெண்டர் விட்டு, கட்டி முடிக்க ஏகப்பட்ட மாதம் ஆனது. இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நானே தனியாக ஏறிவிடுகிறேன்.

கழிப்பறைக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. அது அடுத்த மனு.

பெருவழி:

தம்பி, அளந்து எழுதியதுதான் சரி. நான் இன்னொரு நகராட்சியில் நகரமைப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, கிளினிக், எதற்கு அனுமதி கேட்டு வந்தாலும் வரைபடத்தில் எல்லாம் இருக்கும். சாய்தளம் இருக்கும், லிஃப்ட் இருக்கும், சக்கர நாற்காலி திரும்புகிற அளவுக்குக் கழிப்பறை இருக்கும். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் இதையெல்லாம் கேட்கின்றன, கேரளத்தின் 2019 நகராட்சிக் கட்டட விதிகளும் கேட்கின்றன. காகிதத்தில் குறை சொல்லவே முடியாது. திறப்பு விழா முடிந்து அடுத்த மாதம் போய்ப் பாருங்கள். சாய்தளம் இருந்த இடத்தில் ஜெனரேட்டர் நிற்கும். அந்தக் கழிப்பறையில் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருப்பார்கள். நாங்கள் கேட்கப் போனால் ஒரு போன் வரும். யாருடைய போன் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஆனால் பிடி நகராட்சி கையில்தான் இருக்கிறது, அதை மறந்துவிடாதீர்கள். தம்பி சொன்ன அந்த 2016 சட்டத்தின் 44ஆம் பிரிவு என்ன சொல்கிறது? விதிப்படி இல்லாத வரைபடத்துக்கு அனுமதி கிடையாது, அப்படிக் கட்டிய கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றும் கிடையாது. சந்தேகம் வந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அனுமதி கொடுத்த வரைபடத்தின் நகலைக் கேளுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, படத்தில் இருப்பது தரையில் இல்லை என்று எழுதுங்கள். அந்த மாதிரி மனுவை மேஜை டிராயருக்குள் போட எங்களுக்கே பயம்.

இன்னொன்று. சாய்தளம், கழிப்பறை அளவெல்லாம் வெறும் வழிகாட்டுதல், கட்டாயமில்லை என்று சில இடங்களில் வாதாடுவார்கள். ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் தட்டிக் கேட்டது. அளவுகளை வெறும் பரிந்துரையாக விட்டிருந்த விதி செல்லாது, கட்டாயம் எது என்று பிரித்து எழுதுங்கள் என்று மத்திய அரசுக்குச் சொல்லிவிட்டது.

வெள்ளைக்கோல்:

எல்லோரும் சாய்தளத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்குக் கண் தெரியாது, படி ஒரு பிரச்சினையே இல்லை. எண்ணிக்கொண்டே ஏறிவிடுவேன்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைப் புதுப்பித்தபோது மஞ்சள் ஓடு பதித்தார்கள். நீள வரி இருந்தால் நடக்கலாம், புள்ளி புள்ளியாக இருந்தால் நிற்க வேண்டும். கோல் பட்டாலும் தெரியும், செருப்புக்கு அடியிலும் தெரியும். திறந்த புதிதில் உண்மையிலேயே நன்றாக இருந்தது. பஸ் நிற்கிற இடம் வரை யார் தோளையும் பிடிக்காமல் போனேன். சில மாதத்தில் அந்த வரியின் மேலேயே பழக்கடைக்காரர் தார்ப்பாய் விரித்துவிட்டார். இன்னொரு இடத்தில் ஓடு உடைந்தது, மாற்றியவர்கள் சாதா ஓடு போட்டுவிட்டார்கள். நான் வரியைப் பிடித்து நடந்து நேந்திரங்குலைக் குவியலில் போய் விழுந்தேன். கடைக்காரரே தூக்கிவிட்டு, "அண்ணே, இந்த மஞ்சள் கல் அழகுக்குப் போட்டதென்று நினைத்தேன்" என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொன்னதே இல்லை. அடுத்த நாளிலிருந்து அவர் கடை வரியைத் தாண்டி வரவில்லை. பக்கத்துக் கடை வந்தது.

தமிழ்நாட்டு டவுன் பஸ்ஸில் நமக்கும் துணைக்கு வருகிறவருக்கும் டிக்கெட் இல்லை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த பஸ் வந்து நிற்கிறது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் குறை. மைக்கில் விளம்பரம் ஓடுகிறதே, அதன் நடுவில் தடம் எண்ணையும் சொன்னால் என்ன செலவு?

ரப்பர்தோட்டம்:

நான் அம்மாவாக எழுதுகிறேன். என் மகனுக்கும் அறிவுத்திறன் குறைபாடு, என் தங்கை மகனுக்கும் அதேதான். நாங்கள் தமிழ்நாட்டில், அவள் கல்யாணமாகி நெய்யாற்றின்கரைப் பக்கம். பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஆனால் இரண்டு பேரும் தட்ட வேண்டிய கதவு வேறு வேறு.

எனக்கு எல்லாமே நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்தான். மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக வருகிறது. ஏதாவது குறை என்றால் திங்கட்கிழமை மனு நாளில் பையனைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். சத்தம் கேட்டால் அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். நகராட்சிக்கும் எங்களுக்கும் வரி கட்டுவதைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை.

தங்கைக்கு அப்படி இல்லை. பென்ஷன் விண்ணப்பத்தை உள்ளாட்சியிலேயே கொடுக்கலாம். அங்கே 1600 ஆக இருந்ததை 2025 நவம்பரிலிருந்து 2000 ஆக்கிவிட்டார்கள். பையன் போவது பட்ஸ் பள்ளி, இவனைப் போன்ற அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பள்ளி. அதை நடத்துவது உள்ளாட்சி, கூடவே கேரள அரசின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீ. முதல் பட்ஸ் பள்ளியே 2004இல் வெங்ஙானூர் பஞ்சாயத்தில்தான் தொடங்கியது, விழிஞ்ஞத்துக்குப் பக்கம். பதினெட்டு வயது தாண்டினால் தொழில் பழக்குகிற மையம் தனியாக உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை நம்மவர்களுக்கென்றே தனி கிராமசபை கூட்டுகிறார்கள். ஒரு தடவை தங்கையோடு நானும் போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மெம்பர் எழுதிக்கொண்டே போகிறார்: ஒருவருக்கு சைடு வீல் ஸ்கூட்டர், ஒருவருக்குக் காது மெஷின், ஒரு அம்மாவுக்குப் பள்ளி வேன் அவர்கள் முக்கு வரை வரவேண்டும். எல்லாம் நடந்துவிடுமா? நடக்காது. போன வருடம் எழுதிய ஸ்கூட்டர் எங்கே என்று ஒரு பெரியவர் எழுந்து கேட்டார், மெம்பருக்குப் பதில் இல்லை. ஆனால் கேட்க ஒரு நாள் இருக்கிறது, பெரியவர் மெம்பரைப் பெயர் சொல்லிக் கேட்கிறார், அது நம் பக்கம் எங்கே இருக்கிறது?

அங்கே எல்லாம் பாலும் தேனும் என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்கு ஆள் போதாது, டீச்சர் மாறினால் பையன் இரண்டு வாரம் சாப்பிடமாட்டான்.

வேலந்தாவளம்:

நான் பாலக்காட்டு எல்லை, சித்தூர் தாலுகா. எங்களுக்கு இன்னொரு தொல்லை, படிவம் முழுக்க மலையாளம். பேசினால் புரியும், எழுத வராது. ஒரு கிளார்க் "மலையாளத்தில் எழுதிக் கொண்டுவா" என்று திருப்பிவிட்டார். தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969ஆம் வருடத்தது, தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுத இடம் கொடுக்கிறது. மேலதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார், ரசீதும் கொடுத்தார். ரசீது முக்கியம்.

மூணுசக்கரம்:

அக்கா, நம் பக்கமும் ஒன்று வந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தியது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லாவற்றிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வேண்டும். மன்றக் கூட்டத்தில் நம்மில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் கழிப்பறைச் சாவி எங்கே என்று அங்கேயே கேட்கலாம். என் கூட்டாளி ஒருவர் விண்ணப்பம் போட்டார். "மன்றக் கூடம் மாடியிலாமே, எப்படிடே ஏறுவது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

புதுமணவாட்டி:

எனக்கு ஒரு சந்தேகம். நான் தமிழ்நாட்டில் யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை எடுத்தவள், மஞ்சள் அட்டை. போன வருடம் கட்டிக்கொடுத்தது பாறசாலைப் பக்கம். அங்கே புதிதாகச் சான்று எடுக்கவேண்டுமா?

ரப்பர்தோட்டம்:

வேண்டாம் மோளே. யுடிஐடி இந்தியா முழுக்கச் செல்லும், திரும்பவும் மெடிக்கல் போர்டுக்கு முன்னால் போய் நிற்காதே. பணம் வருகிற விஷயம்தான் வேறு, அது ஒவ்வொரு மாநிலமும் தன் ஊர்க்காரர்களுக்குக் கொடுப்பது. தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் ஆனது. முதலில் ரேஷன் கார்டில் பெயரை இங்கே எடுத்து அங்கே சேர்த்தாள், ஆதாரில் விலாசம் மாற்றினாள். இங்கே வந்துகொண்டிருந்த உதவித்தொகையை நிறுத்தியதற்கு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனாள். அந்தக் கடிதம் இல்லாமல் அங்கே வாங்கமாட்டோம் என்றார்களாம். இடையில் சில மாதம் இரண்டு பக்கமும் பணம் வராது, மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வை. உன் வார்டு மெம்பர் யார் என்று கேட்டு வைத்துக்கொள், தனி கிராமசபை என்றைக்கு என்றும் கேள்.