எஸ்டாபிளிஷ்மென்ட் சீட்டை சென்னைக்கு தூக்கறாங்களாமுங்க, சங்கக் கூட்டத்துல என்ன கேக்கலாம்?

கோபிக்காரன்:
வணக்கமுங்க. கோபி பக்கம் ஒரு சின்ன ஆபீஸ்ல இளநிலை உதவியாளரா இருக்கறேன், அ1 சீட்டு. எங்க துறையில ஊழியருங்களோட இன்கிரிமென்ட் (வருசாந்திர சம்பள உயர்வு), லீவு, புரபேஷன் (தகுதிகாண் பருவம்), பென்சன் ப்ரொபோசல்னு எஸ்டாபிளிஷ்மென்ட் வேலை எல்லாத்தையும் சென்னையில ஒரே செல்லுக்கு கொண்டுபோயிட்டு இங்க இருக்கற சீட்டை சரண்டர் பண்ணி, அதாவது அந்தப் பதவியையே ஒழிச்சு, விடப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. ஆர்டர் இன்னும் கைக்கு வரல. வர்ற ஞாயித்துக்கெழமை ஈரோட்டுல கூட்டம், சும்மா கோஷம் போட்டுட்டு வர மனசில்லீங்க. எதைக் கேட்டா நியாயமா இருக்கும், எதை விட்டுக்குடுக்கவே கூடாது, அனுபவஸ்தருங்க சொல்லுங்க.

காலிங்கராயன்:
தம்பி, நான் சூப்ரண்டா இருந்து ரிட்டையர் ஆனவன். கம்ப்யூட்டரை எதுக்காதீங்க, களஞ்சியம்னு அரசாங்க சாஃப்ட்வேர் வந்து சம்பள பில்லு, எஸ்.ஆர். (பணிப்பதிவேடு) எல்லாம் அதுக்குள்ள போயாச்சு. ஆனா அதுலயும் பில்லு போடறது, சரிபாக்கறது, ஒப்புதல் குடுக்கறது எல்லாம் உங்க ஆபீஸ் ஆளுங்கதான், தப்புன்னா நேரா போயி டிடிஓ (சம்பளம் எடுத்துக் குடுக்கற அலுவலர்) முன்னாடி நின்னு கேக்கலாம். இப்ப பேச்சுல இருக்கறது அந்த அதிகாரத்தையே எடுத்துட்டுப் போறது. ரெண்டும் வேற வேற, கூட்டத்துல மொதல்ல இதைப் பிரிச்சுப் பேசுங்க.

இன்கிரிமென்ட் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு நாலு தேதியில விழுகுது, நடுவுல சம்பளமில்லாத லீவு இருந்தா அது எந்த வகை லீவுன்னு பாத்துத்தான் தேதி தள்ளுமா தள்ளாதான்னு முடிவு பண்ணோணும். புரபேஷனுக்கு 3 வருசத்துக்குள்ள 2 வருசம் டூட்டி கணக்கு வரோணும், பவானிசாகர்ல நடக்கற அடிப்படை ட்ரெய்னிங் முடிச்சிருக்கோணும். ஃபைலைப் புரட்டி, ஆளைக் கூப்புட்டுக் கேட்டு செய்யற வேலைங்க இது. அந்தியூர் மலை மேல வேலை பாக்கறவரோட சர்வீஸ் சென்னையில இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?

தாராபுரம் செவிலி:
எனக்கு வேற கருத்துங்கண்ணா. 2021ல பேறுகால விடுப்பை 12 மாசமா ஆக்கிட்டாங்க, ஆனா நான் முன்ன இருந்த எடத்துல சீட்டுல இருந்தவரு சாங்ஷன் (ஒப்புதல் உத்தரவு) போடாமயே இழுத்து கைக்கொழந்தையோட என்னை பஸ்சேறி பஸ்சேறி வரவெச்சாரு, சம்பளம் நின்னு போச்சு, கேட்டா ஃபைல் மேல இருக்குதுன்னு ஒரே பதிலு. சென்னையில மூஞ்சி தெரியாதவங்க வரிசைப்படி பாத்தா எங்களாட்ட பொம்பளைங்களுக்கு நல்லதுதானுங்களே. சங்கம் இதையும் பேசோணும். பேசினதே இல்லை.

நொய்யல்காரன்:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு நெசம், நான் சங்கத்துல கிளைப் பொறுப்புல இருக்கறேன், இதை நாங்க எடுத்திருக்கோணும். ஆனா அதுக்கு மருந்து, இத்தனை நாள்ல உத்தரவு போட்டே ஆகோணும், போடலைன்னா யாரு பொறுப்புன்னு எழுத்துல வாங்கறது. சீட்டை சென்னைக்கு மாத்தினா இப்ப தாராபுரத்துல நிக்கற ஃபைல் அங்க போய் நிக்கும், அங்க யார் மேசையில இருக்குதுன்னு கூட உங்களுக்குத் தெரியாது.

கனடாவுல நடந்ததைப் பாருங்க. பல துறையோட சம்பள வேலையை மிராமிச்சிங்கற ஒரே ஊருக்குக் கொண்டுபோயி, துறைகள்ல இருந்த சம்பளப் பிரிவு ஆளுங்க 1,200 பேர் பதவியை ஒழிச்சு, வருசத்துக்கு 7 கோடி டாலர் மிச்சம்னு கணக்குப் போட்டாங்க. 2016ல ஃபீனிக்ஸ்னு சாஃப்ட்வேர் ஓட ஆரம்பிச்சதும் ஒருத்தருக்கு சம்பளமே வரல, இன்னொருத்தருக்கு அதிகமா வந்து திருப்பிக் கட்டச் சொன்னாங்க, பாதிப் பேருக்கு மேல ஏதோ ஒரு தப்பு. சங்கங்க முன்னாடியே நிறுத்துங்கன்னு கேட்டும் கேக்கல. விசயம் தெரிஞ்ச ஆளுங்களை மொதல்ல அனுப்பிட்டதாலதான் அங்க சரிபண்ண ஆளில்லாமப் போச்சு.

நம்மூர்லயும் பாத்தோமுங்க, 2022 அக்டோபர்ல அரசாணை 115 போட்டு மனிதவள சீர்திருத்தக் குழு அமைச்சப்ப அவுட்சோர்சிங், ஒப்பந்த நியமனம் எல்லாம் ஆய்வு வரம்புல இருந்துச்சு, சங்கங்க ஒண்ணா எதுத்ததும் அந்த வரம்பை ரத்து பண்ணாங்க. அதனால சீர்திருத்தம்னு வந்தா உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு வரி வரியாப் படிச்சுட்டுத்தான் பேசோணும்.

கோபிக்காரன்:
நன்றிங்க எல்லாருக்கும். இப்படிக் கேக்கலாம்னு இருக்கறேன்: எஸ்.ஆர். பதிவை அவங்கவங்க பாத்து கையெழுத்துப் போடாம எதையும் மாத்தக்கூடாது, ஒப்புதல் அதிகாரம் உள்ளூர் அலுவலர்கிட்டயே இருக்கோணும், லீவு சாங்ஷனுக்கு, முக்கியமா பேறுகால விடுப்புக்கு, நாள் கெடு வெக்கோணும், ஒரு போஸ்ட் கூட சரண்டர் கூடாது. அக்காவோட கோரிக்கையை மொதல்ல வெக்கறேன்.

காலிங்கராயன்:
நல்லது தம்பி. போறதுக்கு முன்னாடி உங்க ஆபீஸ்ல சாங்ஷன் ஆன போஸ்ட் எத்தனை, இப்ப காலி எத்தனைன்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. காலியா கெடக்கற சீட்டைத்தான் மொதல்ல சரண்டர்னு எழுதுவாங்க, அந்தக் கணக்கு சங்கத்துக் கையில இருந்தாத்தான் அங்க மறுத்துப் பேச முடியும்.