மறு: ‘ஃபேன்சைன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘ரசிகர் இதழ்’ போதுமே ஐயா. எல்லோருக்கும் உடனே புரியும்.

அம்மா, வணக்கம். குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும் என்பதுதான் என் கவலை. ‘ரசிகர் இதழ்’ என்றதும் நடிகரின் வண்ணப்படம் போட்ட அட்டைதான் நம் கண்முன் வருகிறது. அங்கே ரசிகர் காசு கொடுத்து வாங்குபவர். ஃபேன்சைனிலோ ரசிகரே எழுதி, தட்டச்சு செய்து, படியெடுத்து, அஞ்சல் தலை ஒட்டி அனுப்புகிறார். இந்த வேறுபாட்டைச் சொல்லாத சொல் எனக்கு வேண்டாம்.

அமெரிக்கக் காமிக்ஸ் ரசிகர் ஜெரி பெயில்ஸ் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரைக்காகத்தான் இந்தச் சொல்லைக் கேட்டேன். அவர் வாழ்க்கையையே உரைகல்லாக வைத்துப் பார்ப்போம். 1933-இல் கான்சஸ் சிட்டியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது ‘ஆல் ஸ்டார் காமிக்ஸ்’ இதழில் வந்த ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற சாகச நாயகர் குழு மீது கொண்ட பற்று கடைசிவரை அவரை விடவில்லை. பிழைப்புக்கு டெட்ராய்ட்டின் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பேராசிரியர். 1961 மார்ச்சில் ‘ஆல்டர் ஈகோ’ என்ற காமிக்ஸ் ஃபேன்சைனைத் தொடங்கினார். அதற்குத் துணை நின்ற ராய் தாமஸ் அப்போது மிசௌரியில் ஓர் இளைஞர். பழைய ‘ஆல் ஸ்டார்’ இதழ்களைத் தேடி அவற்றின் கதாசிரியர் கார்ட்னர் ஃபாக்ஸுக்கு அவர் கடிதம் எழுத, தம்மிடம் இருந்தவற்றைப் பெயில்ஸிடம் விற்றுவிட்டதாக ஃபாக்ஸ் பதில் எழுதினார். நட்பு அப்படித்தான் பிறந்தது.

முந்தைய மடல் ஒன்றில் அந்த இதழ் ‘சைக்ளோஸ்டைல் செய்யப்பட்டது’ என்று இருந்தது. அது வேறு முறை. சைக்ளோஸ்டைலில் மெழுகுத்தாளின் துளைகள் வழியே மை இறங்கும். பெயில்ஸ் பயன்படுத்தியது ஸ்பிரிட் டூப்ளிகேட்டர்: மூலத்தாளின் பின்புறம் படிந்த ஊதா நிறத்தைச் சாராவி (ஸ்பிரிட்) சிறிது சிறிதாகக் கரைத்து வெள்ளைத்தாளுக்கு மாற்றும். ஒவ்வொரு படிக்கும் மூலம் கொஞ்சம் வெளுத்துக்கொண்டே போகும். இத்தனை படிகளுக்கு மேல் எடுக்க முடியாது என்று தெரிந்தே ஒருவர் இதழ் நடத்துகிறார் என்றால், அவரை எந்தச் சொல்லால் அழைப்பது?

வாசகர்கள் எங்கிருந்து கிடைத்தார்கள் என்பதும் முக்கியம். டிசி காமிக்ஸ் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் தம் இதழ்களின் வாசகர் கடிதப் பகுதியில் எழுதியவர்களின் முழு முகவரியையும் அச்சிட்டார். அதுவரை தனித்தனியே படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். ஷ்வார்ட்ஸே 1932-இல் ‘தி டைம் டிராவலர்’ என்ற அறிவியல் புனைகதை ரசிகர் ஏட்டை நண்பர்களோடு சேர்ந்து நடத்தியவர்.

பெயில்ஸின் பணிகளில் என்னை மிகவும் நெகிழ வைப்பது ‘அமெரிக்கக் காமிக்ஸ் துறையில் யார் எவர்’ தொகுப்பு. 1940-களின் காமிக்ஸ் கதைகள் பலவற்றில் எழுதியவர் பெயரும் இல்லை, வரைந்தவர் பெயரும் இல்லை. அவர்களைத் தேடிக் கடிதம் எழுதி, யார் எதைச் செய்தார்கள் என்று கேட்டுப் பதிந்து, ஹேம்ஸ் வேர் என்பவருடன் இணைந்து 1973 முதல் 1976 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். 2006-இல் மறையும் வரை அந்தப் பதிவேட்டை வளர்த்துக்கொண்டே இருந்தார்.

இவரைக் குறிக்க என் மனம் நாடும் சொல் ‘ஆர்வலர்’. அடைக்குந்தாழ் இல்லாத அன்பைச் சொல்லும் 71-ஆவது குறளில், அன்புடையவர் என்ற பொருளில் வள்ளுவர் ஆண்ட சொல் அது. ஆகவே ஃபேன்சைனுக்கு ‘ஆர்வலர் இதழ்’.

* * *

> ‘ஆர்வலர்’ என்றால் இன்று செய்தித்தாள் படிப்பவருக்குச் சமூக ஆர்வலர்தானே நினைவுக்கு வருவார்? நம்மிடம் ‘கையெழுத்துப் பத்திரிகை’ என்று பழகிய சொல் இருக்கிறதே, அதை ஏன் விட வேண்டும்? ‘சிற்றிதழ்’ என்றாலும் சரிதான்.

நியாயமான கேள்வி, அம்மா. பள்ளி நாட்களில் நானும் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவன். அந்தச் சொல் மீது எனக்கும் பாசம் உண்டு. ஆனால் அது உண்டாக்கும் முறையின் பெயர். ‘ஆல்டர் ஈகோ’ ஊதா மையில் தொடங்கி, 1999-இல் ராய் தாமஸ் ஆசிரியராக இருக்க மீண்டும் தொடங்கியபோது கடைகளில் விற்கும் அச்சிதழாகவே ஆகிவிட்டது. முறை மாறினால் பெயர் நிற்காது. ‘சிற்றிதழ்’ என்றால் தமிழில் இலக்கியச் சிற்றிதழ் என்றே வேரூன்றிவிட்டது.

சமூக ஆர்வலர் குழப்பத்துக்கு முன்சொல் ஒன்று போதும். ‘பறவை ஆர்வலர்’ என்றால் யாரும் போராட்டக்காரர் என்று நினைப்பதில்லை. அதுபோலக் ‘காமிக்ஸ் ஆர்வலர் இதழ்’. ரசிகர் கூட்டத்தைக் குறிக்கும் ஃபேன்டம் என்பதற்கு ‘ஆர்வலர் வட்டம்’.

இன்னொன்றுக்கும் சொல் வேண்டும். 1964-இல் பெயில்ஸ் ‘காப்பா-ஆல்ஃபா’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பக்கங்களைத் தாமே படியெடுத்து ஒருவரிடம் அனுப்புவார்கள். அவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி அனைவருக்கும் ஆளுக்கொரு கட்டாகத் திருப்பி அனுப்புவார். எல்லோரும் பங்கு போட்டு உண்டாக்குவதால் இதைப் ‘பங்கிதழ்’ எனலாமா? மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். அதன் பிறகு கட்டுரையில் மூன்று சொற்களையும் ஏற்றிவிடுகிறேன்.